சக்கர் உரசிய கோல்ட்ஃபிஷ்: காயம் ஆறும்வரை என்ன செய்வது, எதைச் செய்யாமல் விடுவது

கேள்வி: இரண்டடித் தொட்டியில் இரண்டு ஒராண்டா கோல்ட்ஃபிஷ்ஷும் ஒரு சக்கர் மீனும் (வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் மீன்) இருக்கின்றன. ஓர் ஒராண்டாவுக்கு இரண்டு விலாவிலும் செதில் போய்ச் சிவந்திருக்கிறது, வாலும் கிழிந்திருக்கிறது. தரையிலேயே உட்கார்ந்திருக்கிறது, சாப்பிடவில்லை. நேற்றுத் தொட்டி, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டேன். மெத்திலீன் புளூ சில சொட்டும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் போட்டேன். டெட்ராசைக்ளின் கேப்சூலை உடைத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். இப்போதைக்கு எந்த மருந்தும் வேண்டாம். சக்கரை இன்றிரவுக்குள் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடிபட்ட மீனைத் தனி டப்பில் விட்டு, அளந்து கல் உப்பு கரைத்து, இரண்டு நாள் இருட்டில் விடுங்கள். மற்ற மீனையும் பார்க்க வேண்டும். தொட்டியைக் கழுவியதால் அதற்கும் ஆபத்து வந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், இது சக்கர் வேலைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சக்கர் உரசிய காயம் மீனின் தட்டையான பக்கத்தில், நீள்வட்டத் திட்டாக இருக்கும். வழும்பும் (மீனின் மேலுள்ள வழவழப்பு) செதிலும் சேர்ந்து வழித்து எடுத்தாற்போல இருக்கும். பெரும்பாலும் காலையில்தான் கண்ணில் படும், ஏனென்றால் சக்கர் இரவில் திரிகிற மீன். கோல்ட்ஃபிஷ் அப்போது அசையாமல் கிடக்கும், உடம்பும் அகலம், விலகி ஓடும் வேகமும் இல்லை. விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் சக்கர் அதன் விலாவில் ஒட்டிக்கொண்டிருப்பதையே பார்க்கலாம். காயம் ஒரே இடத்தில் குழிந்து, நடுவில் சிவந்து, ஓரம் வெளுத்திருந்தால் அது உரசல் இல்லை, பாக்டீரியாப் புண். காயத்தின் நடுவிலிருந்து நூல்போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது நங்கூரப் புழு என்ற ஒட்டுண்ணி. வால் நுனியை மட்டும் யாரோ கத்தரித்ததுபோல இருந்தால் டைகர் பார்ப் போன்ற கடிக்கும் மீன் கூட இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் தொட்டியில் அப்படி எதுவும் இல்லை, இரண்டு விலாவிலும் காயம் என்கிறீர்கள். சக்கர்தான். வால் கிழிந்தது அதனிடமிருந்து திமிறியபோது கல்லிலோ பிளாஸ்டிக் செடியிலோ மாட்டியதாக இருக்கலாம். அந்தச் செடிகளின் மேல் பழைய நைலான் சாக்ஸை இழுத்துப் பாருங்கள். சாக்ஸில் நூல் பிரிந்தால் வாலும் பிரியும்.

'சக்கர் தொட்டியைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லித்தான் கடைகளில் விற்கிறார்கள். குட்டியாக இருக்கும்போது கண்ணாடியில் உள்ள பாசியைத் தின்னும், உண்மைதான். வளர வளர அந்தப் பாசி போதாது. மீனின் வழும்பில் புரதம் இருக்கிறது, ஒருமுறை ருசி கண்டுவிட்டால் விடாது. கூடுதலாகத் தீனி போட்டால் நிறுத்திவிடும் என்று நம்பி அதையும் கோல்ட்ஃபிஷ்ஷையும் மறுபடி ஒன்றாக விடாதீர்கள்.

காயம் மீனை எப்படிக் கொல்கிறது

நம் தோலின் மேற்பரப்பு இறந்த செல்களால் ஆனது. மீனுக்கு அப்படி இல்லை. செதிலுக்கு மேலேயே உயிருள்ள மெல்லிய தோலும், அதன் மேல் வழும்பும் இருக்கின்றன. நன்னீர் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்புக் கரைசலுக்குச் சமம். சுற்றியுள்ள தண்ணீரிலோ உப்பு மிகக் குறைவு. ஆகவே தண்ணீர் எந்நேரமும் உடம்புக்குள் புகுந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். மீன் ஓயாமல் நீர்த்த சிறுநீரைக் கழித்தும், செவுள் வழியாக உப்பை இழுத்துப் பிடித்தும்தான் உயிர் வாழ்கிறது. தோல் போன இடம் ஓட்டைக் குடம் மாதிரி. அங்கே தண்ணீர் வேகமாக உள்ளே போகும், உப்பு வேகமாக வெளியே வரும்.

அதோடு பயமும் சேர்ந்தால் இன்னும் மோசம். மிரண்ட மீனின் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது நீடித்தால் நோய் எதிர்ப்பு இறங்கும், உப்பைப் பிடித்துவைக்கும் வேலையும் தடுமாறும். அடிபட்ட மீன்கள் பல காயத்தால் சாவதில்லை. நாலைந்து நாள் கழித்து, அந்தக் காயத்துக்காக நாம் செய்த வைத்தியத்தால் சாகின்றன. குளோரின் போகாத புதுத் தண்ணீர், கழிவின் விஷத்தை மாற்றும் நல்ல பாக்டீரியா இல்லாத ஃபில்டர், மேலுக்கு மேல் மூன்று மருந்து, பார்க்க வருகிறவர்களுக்காக அடிக்கடி விளக்குப் போடுவது எல்லாம் இதில் அடக்கம்.

மருத்துவ டப்

40 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று வாங்குங்கள். சோப்பு படாத புது டப்பாக இருக்கட்டும். துணி துவைத்த டப் வேண்டாம், சோப்பு மிச்சம் செவுளைக் கெடுக்கும். அதில் 30 லிட்டர் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உப்புக் கணக்கு, தண்ணீர் மாற்றும் கணக்கு இரண்டுக்கும் அந்தக் கோடுதான் ஆதாரம். அடியில் கல், மண் எதுவும் வேண்டாம். வெறும் தரையாக இருந்தால்தான் கழிவும் மிஞ்சிய தீனியும் தெரியும். நடுவில் மெதுவாகக் குமிழிவிடும் ஏர் ஸ்டோன் ஒன்று. குமிழி பொங்கி மீனை உருட்டும் அளவுக்கு இருந்தால் குழாயில் உள்ள சிறு வால்வைத் திருகிக் குறையுங்கள். ஒளிய இடமாக 4 அங்குல பிவிசி குழாயில் ஒரு முழ நீளம் வெட்டி, வெட்டிய ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துப் போடுங்கள். மண்தொட்டியை உடைத்துப் போடுகிறவர்கள் உண்டு, உடைந்த ஓரம் வாலை இன்னும் கிழிக்கும். மேலே வலையோ துளையுள்ள மூடியோ வேண்டும். மிரண்ட மீன் தாவும்.

தண்ணீர் எங்கிருந்து? மெட்ரோ தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரினோ பிளீச்சிங் பவுடரோ இருக்கும். ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் போதும். பெரும்பாலும் அது ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட். ஹைப்போ பளிங்காகவே வாங்கினால் 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் குழாய் நீருக்கு அந்தக் கரைசலில் 15 மி.லி. போதும். லிட்டருக்கு 2 மி.கி. குளோரின்வரை அது சமாளிக்கும், வீட்டுக் குழாயில் வருவது பொதுவாக அதைவிடக் குறைவு. கேன் தண்ணீரை மட்டும் முழுக்க விடாதீர்கள். சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அதில் உப்புச்சத்து மிகக் குறைவு. உப்பை இழந்து தவிக்கிற மீனுக்கு அது எதிரி. போர் தண்ணீர் கடினமாக இருந்தாலும் பரவாயில்லை, கோல்ட்ஃபிஷ் தாங்கும்.

வெப்பத்தை மாற்றாதீர்கள். கோல்ட்ஃபிஷ் குளிர் விரும்பி, 20 முதல் 24 டிகிரி அதற்குச் சுகம். நம் ஊர் வெயிலில் தொட்டி 30 தொடும். காயம் சீக்கிரம் ஆறும் என்று ஹீட்டர் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 7.6 தான். ஐஸ் கட்டியும் வேண்டாம். டப்பின் மேற்பரப்பில் டேபிள் ஃபேன் காற்றுப் பட்டாலே ஓரிரண்டு டிகிரி இறங்கும். ஆவியாகும் தண்ணீருக்கு உப்புப் போடாத தண்ணீரையே நிரப்ப வேண்டும், உப்பு ஆவியாகாது.

மீனை வலையால் பிடிக்காதீர்கள். முடிச்சு வலை மிச்சமிருக்கும் வழும்பையும் எடுத்துவிடும், ஒராண்டாவின் தலைமேல் உள்ள சதைப் பூ வலையில் மாட்டும். பெரிய பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தொட்டிக்குள் சாய்த்து, கையால் மெல்ல ஒதுக்கி, தண்ணீரோடு மொண்டு எடுங்கள். தொட்டித் தண்ணீருக்கும் டப் தண்ணீருக்கும் வெப்பம் ஒத்துப்போகும்வரை கிண்ணத்தை டப்பில் மிதக்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரைத் தம்ளர் டப் தண்ணீரைச் சேருங்கள். அரை மணி நேரத்தில் விட்டுவிடலாம்.

உப்பு

கல் உப்புதான். சமையல் தராசு இருந்தால் நல்லது, ஏனென்றால் கல் உப்பின் பரலுக்குப் பரல் அளவு மாறும், ஸ்பூன் கணக்கு ஏமாற்றும். 30 லிட்டருக்கு முதல் நாள் மாலை 30 கிராம், மறுநாள் காலை இன்னொரு 30 கிராம். அதாவது லிட்டருக்கு 2 கிராம். அதோடு நிறுத்துங்கள். காயம் பெரிதாக இருந்தாலோ தண்ணீர்ச் சோதனையில் நைட்ரைட் (மீன் கழிவிலிருந்து உண்டாகும் விஷம்) காட்டினாலோ மட்டும் அன்று மாலை மூன்றாவது 30 கிராம். நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்துக்குள் போய் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். உப்பில் உள்ள குளோரைடு அது உள்ளே நுழைவதையே தடுக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு சொம்பு டப் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, மீன் இல்லாத ஓரமாக, கால் மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கரையாத பரல் மீன் மேல் பட்டால் பட்ட இடம் வெந்துபோகும்.

உப்பு கிருமியைக் கொல்வதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அளவில் அது கொல்வது கொஞ்சம்தான். உள்ளே 9, வெளியே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றிருந்த வித்தியாசத்தை அது குறைக்கிறது. ஓட்டைக் குடத்தைச் சுற்றித் தண்ணீர் மட்டத்தை உயர்த்துகிற மாதிரி, மீன் தோலை மூடும்வரை அதன் பாரத்தைக் குறைக்கிறது. லிட்டருக்கு 10 முதல் 30 கிராம்வரை கரைத்துச் சில நிமிடம் முக்கி எடுக்கிற முறையும் உண்டு. அது ஒட்டுண்ணிக்கு. மிரண்டு படுத்திருக்கும் மீனுக்கு அது இன்னொரு அடி, வேண்டாம்.

இதையே மூலத் தொட்டியில் செய்யாதீர்கள். செடிகளும் நத்தைகளும் உப்பைத் தாங்காது. லோச், கோரிடோராஸ் போன்ற மீன்களுக்கு லிட்டருக்கு 1 கிராமைத் தாண்டக் கூடாது.

முதல் இரண்டு நாள்

டப்பின் மூன்று பக்கமும் கறுப்புத்தாளோ பழைய துணியோ சுற்றுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். டிவி ஸ்பீக்கர், மிக்ஸி, வாஷிங் மெஷின் பக்கத்தில் வேண்டாம், அதிர்வு தண்ணீரில் நன்றாகப் போகும். ஒரு நாளைக்கு இருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் மட்டும் பாருங்கள். பார்க்கும்போது செவுள் மூடி அசைவதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். மற்ற ஒராண்டாவிலும் அதே நேரத்தில் எண்ணுங்கள். இதற்குப் பொதுவான எண் எதுவும் சொல்ல முடியாது, வெப்பத்தைப் பொறுத்து மாறும். நலமாக இருக்கும் மீனோடு ஒப்பிடுவதுதான் சரி. இரண்டு நாளில் இரண்டு எண்களும் நெருங்கி வந்தால் மீன் தேறுகிறது.

முதல் 24 மணி நேரம் தீனி வேண்டாம். வளர்ந்த கோல்ட்ஃபிஷ் ஒரு வாரம் தின்னாமல் இருந்தாலும் சாகாது. 'சாப்பிடவில்லையே' என்று போட்டுக்கொண்டே இருப்பதுதான் டப்பை அம்மோனியாக் குளம் ஆக்குகிறது. இரண்டாம் நாள் மாலை தண்ணீரில் ஊறவைத்த மூன்று பெல்லட் போடுங்கள். பத்து நிமிடத்தில் தின்னவில்லையென்றால் ஸ்பூனால் எடுத்துவிடுங்கள். தின்றால் மறுநாள் ஐந்து, அதற்கடுத்த நாள் ஏழு. ஒராண்டாவுக்கு மிதக்கும் தீனியைவிட மூழ்கும் தீனி நல்லது, மேலே காற்றை விழுங்காது. சாக்கடையோர நீர்ப் புழு என்று கடையில் உயிரோடு விற்கும் டூபிஃபெக்ஸ், அடிபட்ட மீனுக்கு வேண்டவே வேண்டாம். அது வளரும் இடத்துச் சேறு முழுக்கக் கிருமிதான். உறையவைத்த இரத்தப்புழு கிடைத்தால் வாரத்துக்கு இரண்டுமுறை கொடுக்கலாம்.

தண்ணீர் மாற்றுவது

தினமும் 10 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு. வெளியே எடுத்த 10 லிட்டரோடு 20 கிராம் உப்பும் போயிருக்கும், அதனால் புதிதாக ஊற்றும் 10 லிட்டரில் 20 கிராம் கரைத்து ஊற்றுங்கள். இதை மறந்து வெறும் தண்ணீரை ஊற்றினால் உப்பு நாளுக்கு நாள் இறங்கும். மறந்துபோய் 30 லிட்டருக்கும் சேர்த்து 60 கிராம் போட்டால் நாளுக்கு நாள் ஏறும். அதிகமாகும் தவறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு நோட்டில் தேதி, எடுத்த லிட்டர், போட்ட கிராம் மூன்றையும் எழுதிவிட்டால் குழப்பம் வராது.

அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். மருந்து வாங்கும் பணத்தில் அதை வாங்கலாம். அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். அதில் ஒன்றுதான் கொடிய விஷம், அதன் பங்கு பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) ஏற ஏறக் கூடும். 25 டிகிரியில், பி.எச். 7 என்றால் நூற்றில் அரைப் பங்குதான் விஷ வடிவம். பி.எச். 8 என்றால் ஐந்து பங்குக்கு மேல். போர் தண்ணீரில் பி.எச். பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும், ஆகவே அதே கிட் அளவு ஒருவர் வீட்டில் பரவாயில்லாமலும் உங்கள் வீட்டில் அபாயமாகவும் இருக்கலாம். லிட்டருக்கு 0.5 மி.கி. காட்டினால் அன்று பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு தவணையாக, நான்கு மணி நேர இடைவெளியில்.

யாராவது நண்பர் வீட்டில் பழைய தொட்டி இருந்து, நோயில்லாமல் இருந்தால், அங்கிருந்து பல நாள் ஓடிய ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டரை வாங்கி டப்பில் போடுங்கள். அதில் உள்ள பாக்டீரியாதான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். இதைவிடப் பெரிய உதவி எந்த பாட்டிலிலும் கிடைக்காது. கொண்டுவரும் வழியில் ஈரம் காயக் கூடாது.

கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப். அது இல்லாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மக் தண்ணீரை எடுத்து அரையடி உயரத்திலிருந்து டப்பின் சுவரோரமாக ஊற்றுங்கள், மீன்மேல் இல்லை.

நீங்கள் போட்டதும், போடச் சொன்னதும்

மஞ்சள்தூள். மனிதக் காயத்துக்குப் போடுகிறோம், மீனுக்கும் ஏன் கூடாது என்பது நியாயமான கேள்விதான். மஞ்சள் தண்ணீரில் கரையாது. துகளாக மிதந்து செவுளில் படியும், அடியில் தங்கி அழுகும். காயத்தில் போய் ஒட்டுவது சொற்பம். செவுளில் ஒட்டுவதுதான் அதிகம்.

மெத்திலீன் புளூ. கெட்ட மருந்து இல்லை. முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும், நைட்ரைட் விஷத்துக்கும் பயன்படும். ஆனால் சதைக்குள் இறங்கிய பாக்டீரியாவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, ஃபில்டர் பாக்டீரியாவையும் பாதிக்கும். 'சில சொட்டு' என்பதும் அளவில்லை, பாட்டிலுக்கு பாட்டில் வீரியம் வேறு. ஒரு சதவீதக் கரைசல் என்று பாட்டிலில் எழுதியிருந்தால், 20 லிட்டருக்கு 4 மி.லி. போட்டால் லிட்டருக்கு 2 மி.கி. ஆகும். வீரியமே எழுதாத பாட்டிலை வாங்காதீர்கள். உங்கள் தொட்டியில் ஏற்கெனவே கலந்ததை எடுக்க, தண்ணீர் மாற்றுங்கள், அல்லது ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். அடுப்புக்கரி அல்ல.

டெட்ராசைக்ளின். இதைத்தான் கேட்டீர்கள். அது தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியத்தோடு கட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போகும். சென்னை போர் தண்ணீர் மாதிரிக் கடின நீரில் கேப்சூலைக் கொட்டினால் பெரும்பகுதி வீண். வெளிச்சத்திலும் சிதையும், தண்ணீர் பழுப்பாகும், நுரைக்கும். நன்னீர் மீன் தண்ணீரைக் குடிப்பதும் மிகக் குறைவு, ஆகவே தண்ணீரில் கலந்த மருந்து உடம்புக்குள் போக வழியும் குறுகியது. ஆன்டிபயாடிக் தேவைப்படும் புண்ணும் உண்டு. அப்போது அதைத் தீனியில் கலந்தோ ஊசியிலோ, எடையைப் பார்த்து, மருத்துவர் சொல்லித்தான் தர வேண்டும். பொன்னேரி, தூத்துக்குடி போன்ற ஊர்களில் மீன்வளக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே மீன் நோய் படித்தவர்களிடம் கேட்கலாம்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட், மாலகைட் கிரீன் இரண்டையும் தொடாதீர்கள். முதலாவது கொஞ்சம் கூடினால் செவுளை எரித்துவிடும். இரண்டாவது மனிதருக்கும் நல்லதில்லை. பொவிடோன் அயோடினைப் பஞ்சில் தொட்டுக் காயத்தில் வைக்கும் வழக்கமும் உண்டு. குழிப்புண்ணுக்கு, பழகிய கை இருந்தால் சரி. உங்கள் மீனுக்கு வெறும் உரசல் காயம். அதற்காக மீனை வெளியே எடுத்துப் பிடிப்பதில் ஆகிற சேதம், அயோடின் தரும் நன்மையைவிட அதிகம்.

பாதாம் இலை போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தெருவோரத்தில் நிற்கிற நாட்டு வாதுமையின் தானாக உதிர்ந்து காய்ந்த பழுப்பு இலை, மருந்து தெளிக்காத மரமாக இருந்தால், 30 லிட்டருக்கு ஒன்று போடலாம். தேநீர் நிறம் வரும், வெளிச்சம் குறையும், மீன் அமைதியாகும். ஃபைட்டர் மீனுக்கு மிகவும் ஒத்துவரும். கோல்ட்ஃபிஷ்ஷுக்குக் கட்டாயம் இல்லை.

ஆறுவதை எப்படி அறிவது

உரசிய தோலின் மேல் புதுத் தோல் செல்கள் நகர்ந்து வந்து மூடுவது மிக வேகம், சிறு காயம் ஒரு நாளுக்குள்ளேயே மெல்லிய தோலால் மூடிவிடும். அதனால்தான் முதல் 24 மணி நேரத்துக்கு இவ்வளவு பதற்றம் காட்டுகிறேன். இரண்டாம் நாள் காயத்தின் மேல் லேசாகப் பால் ஆடைபோல ஒரு படலம் தெரியும். பூஞ்சை என்று பதறாதீர்கள். அது சீராக, தட்டையாக, காயத்தை ஒட்டியே இருந்தால் வழும்புதான். ஒரு வாரத்தில் சிவப்பு மங்கும். வாலின் கிழிந்த ஓரத்தில் கண்ணாடிபோல நிறமற்ற கோடு வந்தால் புது வளர்ச்சி. துடுப்பின் வேர் சேதமாகாமல் இருந்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வால் வளர்ந்துவிடும். செதில்கள் வாரக்கணக்கில் மெல்ல முளைக்கும். இடையில் காயத்தைச் சுற்றிக் கறுப்புத் திட்டு வந்தால் அதுவும் ஆறும் அடையாளம்தான், நாளடைவில் மறையும்.

இனிப் பயப்பட வேண்டியவை. வாலின் ஓரம் நாளுக்கு நாள் உள்வாங்கி, வெள்ளையாகவோ சிவப்பாகவோ கரைந்தால் வால் அழுகல். காயத்தில் பஞ்சுபோல எழும்பினால் இரண்டில் ஒன்று. நூல்நூலாகப் பஞ்சுக் கொத்து நீட்டிக்கொண்டிருந்தால் நீர்ப்பூஞ்சை, அது இறந்த திசுவில்தான் பிடிக்கும், மெத்திலீன் புளூ இங்கேதான் உதவும். குட்டையாக, சாம்பல் வெள்ளையாக, முதுகில் சேணம் வைத்ததுபோலப் பரவினால் அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. வெப்பம் கூடக் கூட இது வேகமாகப் பரவும், ஒரு நாளில்கூடக் கொன்றுவிடும். 'பூஞ்சைக்கு வெப்பம் ஏற்று' என்று சொல்வதைக் கேட்டு இதற்கு ஹீட்டர் போட்டால் முடிந்தது. சந்தேகமாக இருந்தால் வெப்பத்தை இறக்கும் பக்கமே போங்கள், அதே நாளில் மருத்துவரைக் கேளுங்கள். செதில்கள் அன்னாசி மாதிரிச் சிலிர்த்து வயிறு உப்பினால் உள்ளுறுப்பு தோற்கத் தொடங்கிவிட்டது, அது பிழைப்பது கடினம்.

மூலத் தொட்டி

கல், கண்ணாடி, ஃபில்டர் எல்லாம் கழுவினீர்கள். அதில் குழாய்த் தண்ணீரும் பட்டதால் பாக்டீரியா பெரும்பகுதி போய்விட்டது. அது மறுபடி சேர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை உள்ளே இருக்கும் இரண்டாவது ஒராண்டா அம்மோனியாவில் மூச்சுவிடுகிறது. தீனியைப் பாதியாக்குங்கள், தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், அதே டெஸ்ட் கிட்டை அங்கேயும் பயன்படுத்துங்கள். இனி ஃபில்டர் ஸ்பான்ஜை எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும், குழாயடியில் பிழியக் கூடாது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில், மேலே கொஞ்சம் இடம் விட்டால், சுமார் 50 லிட்டர்தான் பிடிக்கும். வளர்ந்த இரண்டு ஒராண்டாவுக்கு அது நெருக்கடி, முடிந்தபோது நூறு லிட்டருக்கு மேல் உள்ளதாகப் பாருங்கள்.

மீனைத் திருப்பி விடுவது எப்போது? காயம் முழுவதும் மூடி, மூச்சு எண்ணிக்கை மற்ற மீனோடு ஒத்து, ஒரு வாரம் ஒழுங்காகத் தின்ற பிறகு. அதற்கு முன் உப்பை இறக்க வேண்டும். உப்பில்லாத 10 லிட்டரால் தினமும் மாற்றினால் நான்கு நாளில் லிட்டருக்கு 2 கிராம் என்பது 0.4 ஆகிவிடும். மாலையில் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள், மற்ற ஒராண்டா துரத்தாது. பம்ப் உறிஞ்சும் வாயில் ஸ்பான்ஜ் உறை மாட்டியிருக்கட்டும்.

சக்கரை என்ன செய்வது? கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், பெரிய தொட்டி வைத்திருக்கும் யாருக்காவது கொடுங்கள். ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள். அது ஓரடிக்கு மேல் வளரும், வறட்சியிலும் தாக்குப்பிடிக்கும், தமிழ்நாட்டு ஏரிகளில் ஏற்கெனவே பெருகி, நாட்டு மீன்களோடு போட்டி போடுகிறது.

புதிதாக முளைக்கும் செதில் உங்கள் ஒராண்டாவின் பழைய சிவப்பில் வராமல் வெள்ளிபோலப் பளபளத்தால் கவலை வேண்டாம், சில மீனில் அப்படியே தங்கிவிடும்.